அண்ணாச்சியிடம் கேளுங்கள்: சூப்பர் ஹீரோ வந்தால் சரியாகிவிடுமா?

போன இதழில் சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார், நான் நாலு வரியில் பதில் போட்டிருந்தேன். அது போதாது என்று தென்காசியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, என் மகனுக்கு ஆறு வயது. துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மாடிப்படியிலிருந்து குதிக்கிறான். தங்கச்சியை வில்லன் என்று சொல்லி அடிக்கிறான். டி.வி.யையே நிறுத்திவிடவா?
*ஒரு தாய், தென்காசி*

துண்டைக் கட்டிக்கொள்ளட்டும் அம்மா, அதைப் பிடுங்க வேண்டாம். படியிலிருந்து குதிப்பதை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. 1997-இல் தூர்தர்ஷனில் சக்திமான் தொடங்கிய பிறகு, சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிப் பிள்ளைகள் உயரத்திலிருந்து குதித்ததாகவும் தீ வைத்துக்கொண்டதாகவும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தச் செய்திகளில் எவ்வளவு உண்மை என்ற வாதம் அப்போதே இருந்தது. ஆனாலும் அந்த வேஷம் போட்ட முகேஷ் கன்னாவே திரையில் வந்து, இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஆறு வயதில் கதைக்கும் நிஜத்துக்கும் நடுவில் இருக்கிற வேலி அவ்வளவு மெல்லியது.

இந்த விளையாட்டில் நல்லதும் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நான்கு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அலுப்பான வேலையைக் கொடுத்து, பக்கத்திலேயே விளையாட்டு வைத்த கருவியையும் வைத்துவிட்டார்கள். தன்னை பேட்மேன் மாதிரி ஒருவராக நினைத்துக்கொண்டு, ‘பேட்மேன் இப்போது நன்றாக வேலை செய்கிறாரா’ என்று தனக்குள் கேட்டுக்கொண்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிக நேரம் அந்த வேலையில் இருந்தார்கள். அதே வருடம் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு நேர் எதிரான கவலையைத் தந்தது. பள்ளிக்கூடம் போகாத வயதில் சூப்பர் ஹீரோக்களில் மூழ்கிய பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து மற்றவர்களைவிட அதிகம் அடிதடி செய்தார்கள். அடி வாங்குகிற பிள்ளைக்காக முன்னால் போய் நின்றதில் மட்டும் எந்தக் கூடுதலும் இல்லை.

எனக்கு இதில் புரிவது இதுதான்: சின்னப் பிள்ளையின் கண்ணில் அடி நன்றாகத் தெரிகிறது, அடிக்கான காரணம் தெரிவதில்லை. அதனால் டி.வி.யை நிறுத்துவதைவிட நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் யாரைக் காப்பாற்றினான், அந்த ஆள் அதற்கு முன்னால் எவ்வளவு பயந்து போயிருப்பார், அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். தங்கச்சிக்கும் ஒரு துண்டு கட்டிவிடுங்கள். வில்லன் வேஷத்துக்குத் தலையணை போதும்.

சூப்பர் ஹீரோ படம் எல்லாமே ஒரே கதைதான், ஆனாலும் உலகமே பார்க்கிறது. மனிதனுக்கு எதற்காக இது தேவைப்படுகிறது?
*கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை*

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும் தம்பி. சூப்பர்மேன் முதன்முதலாக அச்சில் வந்தது 1938-இல். அமெரிக்காவில் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சி இன்னும் ஓயாத காலம், எத்தனையோ பேருக்கு வேலை இல்லை. க்ளீவ்லேண்ட் நகரத்து இரண்டு இளைஞர்கள், ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைந்தார். இரண்டு பேருமே புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த முதல் இதழ்களில் சூப்பர்மேன் யாரோடு சண்டை போடுகிறான் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வேற்றுக்கிரக அரக்கன் ஒருவனும் கிடையாது. பெண்டாட்டியை அடிக்கிற புருஷன், விலைபோன செனட்டர், குற்றம் செய்யாத பெண்ணை மின்சார நாற்காலிக்கு அனுப்ப இருந்த அவசரம், பாதுகாப்பில்லாத சுரங்கத்துக்குள் தொழிலாளியை இறக்குகிற முதலாளி, இவர்களோடுதான் அவன் மோதினான். அந்த முதலாளியை அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே மாட்ட வைத்து, உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று காட்டுவான்.

ஆக, ஆசை எங்கே இருந்து வருகிறது என்பது அங்கேயே தெரிகிறது. பலம் எப்போதும் பலசாலி பக்கமே இருப்பதைப் பார்த்து அலுத்தவர்களுக்கு, ஒரு தடவையாவது அது நம் பக்கம் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்ற ஏக்கம். அதோடு சூப்பர்மேன் ஊருக்குள் போடுகிற வேஷம் வேறு: கண்ணாடி போட்ட, யாரும் மதிக்காத பத்திரிகை நிருபர் க்ளார்க் கென்ட். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிற எத்தனை பேருக்கு, சட்டைக்கு உள்ளே நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும்! 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டு வந்தபோது நம் பக்கத்துப் பையன்கள் விழுந்து விழுந்து படித்ததும் இதனால்தான். மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறவன்! யார் கண்ணிலும் படாமல் நியாயம் செய்துவிட்டு வந்துவிடலாம் என்பதைவிடச் சுகமான கனவு கிடையாது.

இந்தக் கதைகள் நல்ல காரியங்களும் செய்திருக்கின்றன. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, 1941 மார்ச் என்று தேதியிட்ட முதல் இதழின் அட்டையில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் குத்தினான். 1946-இல் சூப்பர்மேன் வானொலித் தொடர், கறுப்பின மக்களை மிரட்டிக்கொண்டிருந்த கூ க்ளக்ஸ் க்ளானை அடையாளம் தெரிகிற மாதிரி வைத்துக் கதை சொன்னது. அதெல்லாம் தைரியம்.

ஆனால் வர வர வில்லன்கள் வானத்திலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். அரக்கன் வருகிறான், ஊர் இடிகிறது, ஹீரோ விரட்டுகிறான். மறுநாள் காலையில் அதே வாடகை, அதே கூலி, அதே சுரங்கம். எனக்கு முதல் சூப்பர்மேன்தான் பிடிக்கும்.

அப்புறம் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த முதல் கதைக்கும் சூப்பர்மேன் உரிமைக்கும் சேர்த்து சீகலுக்கும் ஷூஸ்டருக்கும் கிடைத்தது 130 டாலர். உலகத்துக்கே நியாயம் வாங்கித் தந்தவனை உருவாக்கியவர்கள் வயதான காலத்தில் கஷ்டத்தில் இருந்தார்கள். 1975-இல் சீகல் வெளிப்படையாகப் பத்திரிகைகளுக்கு எழுதி, மற்ற ஓவியர்களும் சங்கங்களும் சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான் ஆண்டுதோறும் ஒரு தொகை கிடைக்க வழி பிறந்தது. அவர்கள் இரண்டு பேரின் பெயர்களும் கதையில் திரும்ப அச்சாயின. அவர்களுக்குக் கேப் போட்ட யாரும் வரவில்லை, சக தொழிலாளிகள் வந்தார்கள்.

இதில் பெண்கள் எப்போது வந்தார்கள்?
*வாசகி, வள்ளியூர்*

1941-லேயே வொண்டர் வுமன் வந்துவிட்டாள் அம்மா. உருவாக்கியவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர், ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் சோதனையில் முன்னோடி. அவள் கையில் இருக்கிற கயிற்றில் மாட்டியவன் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடிப்பதைவிட உண்மையைச் சொல்ல வைப்பதைப் பெரிய ஆயுதமாக நினைத்த கதை என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

நம் ஊர்ச் சாமிகளைவிட இவர்கள் என்ன பெரிய சூப்பர் ஹீரோ? சுடலைமாடனுக்கு முன்னால் நிற்க முடியுமா? பட்டவராயன் கதையை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?
*ஓய்வுபெற்ற தபால்காரர், களக்காடு*

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, காரணம் சொல்கிறேன்.

பட்டவராயன் என்று நாம் கும்பிடுகிற முத்துப்பட்டன் யார்? பிராமணக் குடும்பத்தில் பிறந்தவன். தோல் தொழில் செய்கிற குடும்பத்து அக்கா தங்கை, பொம்மக்கா திம்மக்கா இரண்டு பேர் மேலும் ஆசைப்படுகிறான். பெண்களின் அப்பா, குடுமியையும் பூணூலையும் விட்டு எங்களில் ஒருவனாகி, செருப்புத் தைத்துக் காட்டு என்கிறார். அப்படியே செய்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு மாமனாரின் மாட்டுக்கிடையைக் களவாட வந்தவர்களோடு சண்டை. எதிரில் வந்தவர்களை வென்றுவிடுகிறான், ஒளிந்திருந்த ஒருவன் குத்திச் சாய்க்கிறான். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் சிங்கம்பட்டி ஜமீனிடம் உத்தரவு வாங்கித் தீயில் இறங்குகிறார்கள். இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசைக்குப் போனால், பட்டவராயன் சந்நிதியில் ஜனங்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவதைப் பார்க்கலாம். அடுத்த வருடம் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், சாமி போட்டு நடந்திருக்கிறார் என்று சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவனுக்கு என்ன சக்தி இருந்தது? ஒன்றுமில்லை. தனக்குப் பிறப்பால் கிடைத்த உயரத்திலிருந்து தானாக இறங்கினான், ஒப்புக்கொண்ட காவலுக்காகச் செத்தான். சூப்பர் ஹீரோ சாவதில்லை, செத்தாலும் அடுத்த படத்தில் எழுந்து வந்துவிடுவான். நம் பக்கத்து வில்லுப்பாட்டுகளில் பெரும்பாலும் வீரன் செத்துப் போகிறான், அநியாயமாகச் சாகிறான், அதற்கு அப்புறம்தான் சாமியாகிறான். கொடையில் குடத்தடியும் உடுக்கையும் உச்சத்துக்குப் போகிற நேரம் அவன் ஜெயிக்கிற கட்டத்தைவிட அவன் சாகிற கட்டத்துக்குத்தான் பெண்கள் அழுவார்கள், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் ஏறும். இந்த ஊரில் இந்த மனிதனுக்கு இப்படி ஒரு அநியாயம் நடந்தது என்பதை ஒரு ஊர் வருடா வருடம் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற காரியம் அது. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகும் பாட்டு நின்றுவிடவில்லை. தோற்றவன் கதையை இந்தச் சீமை விடுவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை, முத்துப்பட்டன் கதையைத் தேடிப் பதிப்பித்தவர். பிற்காலத்தில் சிலர் அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று கதையை மாற்றிப் பாடினார்கள். அது பின்னால் சேர்ந்த சரக்கு என்றார் அவர். ஏன் சேர்த்தார்கள்? கதையில் இருந்த துணிச்சலை அவர்களால் தாங்க முடியவில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பழைய கதையை, இறங்கி வந்தவன் கதையை, அப்படியே சொல்லுங்கள் ஐயா.

பெரிய குற்றம் செய்தவனை என்கவுண்டரில் போட்டால் ஜனங்கள் இனிப்புக் கொடுக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் எதிர்க்கிறீர்கள்? சட்டம் வருடக்கணக்கில் இழுக்கிறதே, சூப்பர் ஹீரோ செய்வதும் இதைத்தானே?
*வியாபாரி, திசையன்விளை*

நீங்கள் கேட்ட கடைசி வரிதான் அண்ணாச்சி விஷயமே. ஆமாம், சூப்பர் ஹீரோ செய்வது இதைத்தான், அதனால்தான் நான் பயப்படுகிறேன்.

படத்தில் கேமரா நமக்கு முன்கூட்டியே குற்றவாளியைக் காட்டிவிடுகிறது. அவன்தான் செய்தான் என்பதில் நமக்குத் துளி சந்தேகம் கிடையாது. அதனால் முகமூடி போட்டவன் அவனைத் தண்டித்தால் கை தட்டுகிறோம். நிஜத்தில் அந்தக் கேமரா யாரிடம் இருக்கிறது? 2019 டிசம்பர் 6-ஆம் தேதி ஹைதராபாத்துக்குப் பக்கத்தில், கால்நடை மருத்துவரைக் கொடூரமாகக் கொன்ற வழக்கில் பிடிபட்ட நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜனங்கள் போலீஸ் மேல் பூவைத் தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் போட்ட விசாரணை ஆணையம் 2022-இல் என்ன சொன்னது? போலீஸ் சொன்ன சம்பவம் ஜோடிக்கப்பட்டது, பத்து போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும், செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று சொன்னது. பூத் தூவியபோது இதில் எதுவும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குத்தான் கோர்ட் இருக்கிறது.

அது டிசம்பர். அடுத்த ஜூனில் நம் வாசலுக்கே வந்தது. உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சாத்தான்குளத்தில், செல்போன் கடை வைத்திருந்த அப்பாவையும் மகனையும், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19 அன்று ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் காவலில் சித்திரவதை பட்டு, 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நீங்களும் கடை வைத்திருக்கிறீர்கள். ரௌடி மேல் ஓங்கியபோது நாம் கைதட்டிய லத்திக்கு, அது வியாபாரி மேல் விழும்போது நில் என்று சொல்லத் தெரியாது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அதிகாரத்தை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதை நல்லவனிடம் மட்டும் காட்டாதே என்று கேட்டுக்கொள்ள முடியாது.

அந்த ஸ்டேஷனில் அன்றிரவு வேலையில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரை நினைத்துப் பாருங்கள். விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், விடிய விடிய அடித்தார்கள் என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். வெளியே சக போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். மிரட்டல் பயத்தில் முதலில் கையெழுத்துப் போடத் தயங்கி, பாதுகாப்பு உறுதி கொடுத்த பிறகு போட்டார். முகமூடி கிடையாது, மாற்றுப் பெயர் கிடையாது. தன் பெயரை, தன் பதவியை எழுதிக் கையெழுத்து. பேட்மேனுக்கு முகத்தை மறைக்கிற வசதி இருக்கிறது அண்ணாச்சி, இந்த அம்மாவுக்கு இல்லை. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வழக்கு இவ்வளவு தூரம் நின்றிருக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

சட்டம் இழுக்கிறது என்பது உண்மை. அதற்குக் கேட்க வேண்டியது காலியாக இருக்கிற நீதிபதி பணியிடங்களை நிரப்பு, சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடு, தடயவியல் அறிக்கையைச் சீக்கிரம் கொடு என்பதை. அதற்குப் பூத் தூவ ஒருவரும் வர மாட்டார்கள் என்றாலும் அதைத்தான் கேட்க வேண்டும்.

என் வகுப்புப் பையன்கள் பின்னணி இசை போட்டு, மெதுவாக நடந்து வந்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். எல்லாம் சாதிக் ‘கெத்து’. ஹீரோ மோகம் இப்படித் திரும்பிவிட்டதே?
*ஆசிரியை, நாங்குநேரி வட்டாரம்*

டீச்சர், படத்தில் ஹீரோவாக இருக்க எதிரில் ஒரு வில்லன் வேண்டும். ஒரு சாதியே வில்லன் என்று யாராவது பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், பக்கத்து பெஞ்சில் இருப்பவனே வில்லனாகிவிடுகிறான். 2023 ஆகஸ்டில் உங்கள் பக்கத்தில் நடந்ததை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பிளஸ் டூ படித்த பையனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது, சாதிக் கயிறு, மோதிரம் எதுவும் பள்ளியில் கூடாது என்றது. சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றை அவிழ்க்கிற கை, அந்த இடத்தில் வைக்க வேறு ஒன்றும் தர வேண்டும்.

அந்தத் தங்கச்சியைப் பற்றி வகுப்பில் பேசுங்கள். அரிவாளுக்கு நடுவில் வெறுங்கையோடு போனாள். அடிபட்ட அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பிளஸ் டூ பரீட்சையை எழுதி 469 மார்க் வாங்கினான். ரீல்ஸ் எடுக்கிற பையன்களிடம், இந்தக் கதையில் ஹீரோ யார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். திட்டாமல், மார்க் போடாமல், அவர்கள் எழுதுவதை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள்.

2023 வெள்ளத்தில் நாங்கள் மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் பறந்து வரவில்லை, ஹெலிகாப்டர் வந்ததும் தாமதமாகத்தான். எங்களைப் போன்றவர்களுக்கு சூப்பர் ஹீரோ பேச்செல்லாம் எரிச்சலாக இருக்கிறது.
*விவசாயி, ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்*

எரிச்சல் நியாயம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்த மழை அது. ஆனால் உங்கள் ஸ்ரீவைகுண்டம் ரயில்வே ஸ்டேஷனில் அந்த டிசம்பர் 17 ராத்திரி நடந்ததை நான் நிறையப் பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், உள்ளே 800 பேர் போல. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய்விட்டன. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விடவில்லை, நிறுத்தி வைத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. அதனால் எதுவும் நடக்கவில்லை, படம் எடுக்கக் காட்சியே இல்லை. சூப்பர்மேனாக இருந்தால் வண்டியை ஆற்றில் விழவிட்டு, விழும்போது ஒரு கையால் பிடித்திருப்பான், நாமும் விசிலடித்திருப்போம். கவிழாமல் போன ரயிலுக்கு விசிலடிக்க நமக்கு இன்னும் பழக்கமில்லை.

பிறகு பக்கத்துப் புதுக்குடி ஊர் ஜனங்கள். தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருக்கும்போதே கோயிலில் உலை வைத்து, கையிலிருந்த அரிசியைப் போட்டு, முன்பின் தெரியாத பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். 19-ஆம் தேதி மீட்கிற வரைக்கும் அவர்களைத் தாங்கியது அந்தச் சோறு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் ஊருக்கு மேலே இருக்கிற குளங்களில் எது உடைந்தது, கரையைக் கட்டியாயிற்றா, குளம் நிரம்பி வழிகிற மறுகால் ஓடையை அடைத்து யார் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள், மடைக்குக் கதவு இருக்கிறதா, வெள்ளம் வந்தால் இரண்டு நாள் சமைக்க அரிசி எந்தக் கட்டடத்தில் இருக்கும் என்று அக்டோபர் 2 கிராமசபையில் எழுந்து கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவோடு போங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் பதில் வராவிட்டால் அந்த நகலை எனக்கு அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன்.